வாராவதி என்கிற பாலம்

என் கொழுந்தியாளின் கல்யாணம் ஒரு வாராவதியால் நின்றது. நகையால் நிற்கவில்லை, நாளால் நிற்கவில்லை. அந்த வாராவதி அப்போது கட்டப்பட்டிருக்கவும் இல்லை. கட்டாத வாராவதி எப்படி ஒரு கல்யாணத்தைத் தடுக்கும் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் தேர்தல் காலத்தில் இருந்ததில்லை என்று அர்த்தம்.

பத்திரம் எழுதுவது என் தொழில். ஆலங்குடியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிலத்தின் நான்கு எல்லையையும் பிழையில்லாமல் எழுதி முடித்த அன்றுதான் எனக்குச் சோறு ருசிக்கும். அதனால் இதையும் எல்லை சொல்லியே ஆரம்பிக்கிறேன். வடக்கே என் மாமனார் ஊர். தெற்கே மாப்பிள்ளை வீட்டார் ஊர். அங்கிருந்து கீரமங்கலம் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு காட்டாறு. கோடையில் அது வெறும் மணல். மாடு படுத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது தன்னை நதி என்று நினைத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் வடகரைக்காரன் தென்கரைக்குப் போக வேண்டுமானால் இடுப்பு வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு போக வேண்டும், அல்லது சுற்றுவழியில் பஸ் பிடித்து மறுநாள் போய்ச் சேர வேண்டும்.

ஆட்களின் பெயரையும் கட்சிகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. இரண்டு பக்கத்திலும் எனக்கு இன்னும் இலை போடுகிறார்கள். ஒன்றைப் பழைய கட்சி என்றும் மற்றதைப் புதுக் கட்சி என்றும் சொன்னால் போதும்.

மாமனார் பழைய கட்சி. சமஸ்தானம் இருந்த நாளில் அவர் சமஸ்தானத்துக்காரர். அது 1948-இல் போனதும் ஒரே இரவில் பழைய கட்சிக்காரர் ஆனார். கூட்டத்தில் அவர் உட்காரும் நாற்காலிக்குப் பெயர் அக்கிராசனம். தேர்தலில் நிற்பவர் அபேட்சகர். அவர் கட்சி நோட்டீசின் தலைப்பு ‘தேர்தல் விஞ்ஞாபனம்’. அதை விஞ்ஞானம் என்று படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பாடம் என்று பத்திரமாக எடுத்து வைத்தவர்கள் ஊரில் உண்டு.

மாப்பிள்ளையின் தகப்பனார் புதுக் கட்சி. நிலக்கடலை வியாபாரம். அவர் நமஸ்காரத்தை விட்டுவிட்டு வணக்கத்துக்கு வந்தவர். வந்ததோடு நிற்காமல் சர்க்காரை அரசு ஆக்கி, மந்திரியை அமைச்சர் ஆக்கி, சைக்கிளை மிதிவண்டி ஆக்கிவிட்டார். நன்றாக இருக்கும்போது மேடைத் தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கடலைக் கொல்லைத் தமிழ் வந்துவிடும். வீட்டம்மாளுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. “அந்த மிதிவண்டிக்குக் கொஞ்சம் காத்தடிச்சுட்டு வாங்க, செயின்ல எண்ணெயும் போட்டுட்டு வாங்க” என்பார். ‘செயின்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் ஒரு தரம் சுளிக்கும். ஆனால் அதற்கு அவரிடம் மாற்றுச் சொல் இல்லை.

மாப்பிள்ளைப் பையன் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். வகுப்பில் பேசியதோடு சரி, வெளியில் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. என் கொழுந்தியாளுக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம். “பிறந்ததிலேர்ந்து அப்பா பேசுறதைக் கேட்டுட்டேன். பேசாத ஆளு ஒண்ணு கிடைச்சிருக்கு, விடமாட்டேன்” என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இதற்கு முன்னால் இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில் பையனின் சித்தப்பா வண்டியில் வேறு கொடி கட்டி வந்தார். இரண்டாவது இடத்தில் மாமனார் கையெடுத்து நமஸ்காரம் என்றதற்கு அவர்கள் வெறுமனே சிரித்தார்கள். இரண்டும் கொள்கைப் பிரச்சினை என்றார் மாமனார். ஆகவே மூன்றாவது இடம் வந்தபோது என் மனைவி, காற்றுச் சத்தத்தில் கொள்கை காதில் விழாத ஆடி மாதமாகப் பார்த்துப் பேச்சை ஆரம்பித்து, ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வைத்துவிட்டாள். தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கார்த்திகையில் தேர்தலை அறிவித்துவிட்டார்கள்.

இரண்டு சம்பந்திகளும் எதிரெதிர்க் கரையில் மைக் வைத்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர் கேட்பார். ஒருநாள் தெற்குக் காற்று. தென்கரையில் சம்பந்தி ‘கொள்கையற்ற கூட்டம்’ என்று சொன்னது வடகரைக்கு முழுசாக வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் மாமனார் என் கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

“மாப்ள, கல்யாணம் கிடையாது.”

“என்ன மாமா, வெத்தலை மாத்தியாச்சே.”

“வெத்தலைக்குக் கொள்கை கிடையாது, மாத்திக்கிடும். நமக்கு இருக்குல்ல? அங்கிட்டு ஒரு கொள்கை, இங்கிட்டு ஒரு கொள்கை. நாளைக்கு ஒரு பேரப்புள்ளை பொறந்தா எந்தக் கொள்கையில பேரு வைக்கிறது?”

அன்று மாலையே சம்பந்தியும் மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். “தம்பி, தங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். கொள்கை முரண்பாடு உள்ள இடத்தில் என் மகன் வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது” என்றார்.

இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறீர்கள், வாழ்த்துக்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கொழுந்தியாள் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் அழவில்லை. “மச்சான், இது மூணாவது தடவை. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இனிமே ஒருத்தன் முன்னாடியும் காப்பித் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். அப்பாவே நிக்கட்டும்” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த ஒரே குணம் அதுதான்.

என் மனைவி யோசித்தாள். யோசித்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, இந்தக் கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கல இல்ல?”

பார்க்கவில்லை. புதுக் கட்சிக்கு ஜாதகம் மூடநம்பிக்கை, சம்பந்தி மறுத்துவிட்டார். மாமனாருக்கு அது உள்ளுக்குள் குறையாகவே இருந்தது. பத்துப் பொருத்தம் பார்க்காமல் மாட்டைக்கூட வண்டியில் பூட்டமாட்டார் அவர்.

“அப்ப ஜாதகத்துக்குப் பதிலாக் கொள்கையப் பாருங்க. ரெண்டு நோட்டீசையும் வச்சுக்கிட்டுப் பொருத்தம் பாருங்க. பொருந்துனா கல்யாணம், பொருந்தாட்டிப் போகட்டும். அப்பாவுக்குப் பொருத்தம் பாத்த மாதிரி இருக்கும், அவுகளுக்குக் கொள்கைய ஆராஞ்ச மாதிரி இருக்கும்.”

வியப்பான விஷயம், இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள். மாமனார் “பொருத்தம்” என்ற வார்த்தைக்கு ஒத்துக்கொண்டார். சம்பந்தி “ஒப்பாய்வு” என்ற வார்த்தைக்கு ஒத்துக்கொண்டார். பார்க்கிறவன் நான்தான் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். கமா போட்டால்கூடக் காரணம் சொல்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

நான் இரண்டு நோட்டீசையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கட்சிக்கும் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்ல வருவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பெரிய பெரிய வித்தியாசங்கள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் மெட்ராசில் இருந்தன. எங்கள் ஆற்றங்கரைக்கு என்று அச்சடித்த நோட்டீசில் என்ன இருந்தது என்பதுதான் என் கையில் இருந்த தஸ்தாவேஜு. அதை மட்டும், பத்துப் பொருத்தத்துக்குப் பத்து வாக்குறுதியாக எடுத்துப் பார்த்தேன்.

பழைய கட்சி ‘கிராமந்தோறும் பாடசாலை’ என்றது. புதுக் கட்சி ‘ஊர்தோறும் பள்ளி’ என்றது. பொருத்தம் உண்டு என்று எழுதினேன். அவர்கள் ‘ஸ்திரீகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி’. இவர்கள் ‘மகளிர்க்குப் பேறுகால மருத்துவமனை’. இதை நான் ஸ்திரீ தீர்க்கப் பொருத்தத்தில் சேர்த்தேன். அவர்கள் ‘மின்சார தீபம்’, இவர்கள் ‘மின்விளக்கு’. அவர்கள் ‘மதுபான பகிஷ்காரம்’, இவர்கள் ‘மதுவிலக்கு’. விவசாயியின் நெல்லுக்கு விலை ஏறும், சாப்பிடுகிறவனின் அரிசிக்கு விலை இறங்கும் என்று இரண்டு கட்சியும் சொல்லியிருந்தன. இடையில் அந்த நெல்லை அரிசியாக்குகிறவன் என்ன ஆவான் என்பதை இரண்டு கட்சியும் சொல்லவில்லை. மௌனத்திலும் பொருத்தம்.

‘ஜாதி வித்தியாச நிவாரணம்’ என்பதும் ‘சாதி வேறுபாடு ஒழிப்பு’ என்பதும் எழுத்தளவில் அச்சாகப் பொருந்தின. இரண்டு சம்பந்திகளும் ஒரே சாதிக்குள், அதிலும் ஒரே கிளைக்குப் பக்கத்தில், பார்த்துப் பார்த்துச் சம்பந்தம் செய்துகொண்டிருந்தபடியால் இந்தப் பொருத்தத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு வழி இல்லை.

ஒப்பிட்டு முடித்ததும் மாமனார் வீட்டில் கூடினோம். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. சம்பந்தி குடையைப் பிடித்தபடி ஆற்றைக் கடந்து வந்திருந்தார். மழை பெய்யவில்லை, கொள்கைக்காரர் கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குடை. மாப்பிள்ளைப் பையனும் வந்திருந்தார். வந்தார், உட்கார்ந்தார், அவரைப் பற்றி அவ்வளவுதான் எழுத முடியும். கதவுக்குப் பின்னால் என் மனைவியும் கொழுந்தியாளும் நின்றார்கள்.

நான் படித்தேன். லஞ்ச ஒழிப்புக்கு வந்தபோது முதல் தடங்கல்.

“பழைய கட்சி, லஞ்ச ஒழிப்பு. புதுக் கட்சி, கையூட்டு ஒழிப்பு. பொருத்தம் உண்டு.”

“நிறுத்துங்க மாப்ள” என்றார் மாமனார். “கையால ஊட்டுறதை எதுக்கு ஒழிக்கணும்? இந்தா கதவுக்குப் பின்னால நிக்குதே, இது சின்னப்புள்ளையில கையால ஊட்டுனாத்தான் ஒருவாய் திங்கும். கல்யாணம் ஆகிப் போனா அங்க புள்ளைக்கு ஊட்டக்கூட விடமாட்டாங்களா?”

“கையூட்டு என்றால் லஞ்சம்தான் ஐயா” என்றார் சம்பந்தி, பல்லைக் கடித்தபடி.

“அப்ப லஞ்சம்னு சொல்ல வேண்டியதுதானே. வாங்குறவனுக்குப் புரிய வேண்டாமா, ஒழிக்கிறாங்கன்னு?”

எப்படியோ தாண்டினேன். பத்தாவதுக்கு வருவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. ஒன்றுவிடாமல் எல்லாம் பொருந்திக்கொண்டு வந்தன. அதனால் மகிழ்ச்சி பொங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். என் கணக்கு அங்கேதான் தப்பியது.

மாமனார் முகம் சிவந்தது. “என்ன மாப்ள இது? எங்க கட்சியும் இவுக கட்சியும் ஒண்ணுங்கிறீங்களா?”

“எங்கள் இயக்கத்தையும் இவர்கள் கட்சியையும் ஒரே தராசில் வைக்கிறீரா தம்பி?” என்றார் சம்பந்தி.

“தாத்தா காலத்துக் கட்சியப் போயி நேத்துப் பேஞ்ச மழைக்கு மொளைச்ச காளானோட…”

“காளானையாவது கறி வைக்கலாம்! பழைய வாழைமட்டைய என்ன செய்யுறது? எருவுக்குத்தான் ஆகும்!” மேடைத் தமிழ் போய்விட்டது, கடலைக் கொல்லைத் தமிழ் வந்துவிட்டது.

“பத்தும் பொருந்துனா அது பொருத்தமே இல்ல” என்று மாமனார் தொடையில் தட்டினார். “அது ஏக நட்சத்திரம். ஒரே நட்சத்திரத்துல பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேக்கக் கூடாது. எங்கேயாவது ஒரு வித்தியாசம் இருக்கும், நல்லாப் பாருங்க.”

“கட்டாயம் இருக்கும்” என்று சம்பந்தி முதல் தடவையாக அவரோடு ஒத்துப்போனார். “கூர்ந்து பாருங்கள் தம்பி.”

பொருத்தம் இல்லையென்றால் கல்யாணம் நிற்கும் என்று வந்தவர்கள், பொருத்தம் இருந்தாலும் கல்யாணம் நிற்கும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். நான் பத்தாவதைப் படித்தேன். பழைய கட்சி, ‘நமது நதிக்குக் குறுக்கே வாராவதி நிர்மாணம்’. புதுக் கட்சி, ‘நம் ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்தல்’.

“ஆங்!” என்றார்கள் இரண்டு பேரும்.

மாமனார் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “வாராவதின்னா கல்லு, சுண்ணாம்பு, வளைவு வச்சுக் கட்டுறது. வண்டி போகும், பஸ்ஸே போகும். பாலம்னா என்ன? வாய்க்கால்ல குறுக்க ஒரு பனமரத்தைப் போட்டு அதுமேல கையை விரிச்சுக்கிட்டு நடந்து போறோமே, அதுக்குப் பேருதான் பாலம். எம்மகளைப் பனமரத்துமேல நடந்து புருஷன் வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?”

“வாராவதியாம், வாராவதி!” என்றார் சம்பந்தி. “பேருலயே இருக்கே, வாராதுன்னு! இத்தனை வருசமாச் சொல்றாங்க. வந்துச்சா?”

சொல்லிவிட்டு அவர் தன் மகனைப் பார்த்தார். மகன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்த ஒம்பதும் எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும்” என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். “பத்துல ரஜ்ஜுன்னு ஒண்ணு இருக்கு. அது தட்டுனா தாலி நிக்காது. இந்தக் கல்யாணத்துக்கு ஆறுதான் நடுவுல கிடக்கு, அதனால ஆத்துமேல வர்றதுதான் ரஜ்ஜு. ரஜ்ஜு தட்டிருச்சு. முடிஞ்சுச்சு, எந்திரிங்க.”

ஜாதகத்தை நம்பாத சம்பந்தியும், “ஆமாம், ரஜ்ஜு தட்டிவிட்டது” என்று சொல்லி எழுந்தார்.

வாராவதியும் பாலமும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் இரண்டு கட்சியும் ஒன்று என்று மறுபடி சொன்னதாக ஆகும். வேறு வேறு என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். என் பேனாவை மூடிக்கூட வைக்காமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மை வேட்டியில் ஒழுகியது. அந்த வேட்டி இப்போதும் இருக்கிறது, மேஜை துடைக்க.

கதவுக்குப் பின்னாலிருந்து கொழுந்தியாள் குரல் வந்தது. “மச்சான், வாராவதி எங்க வரும், பாலம் எங்க வரும்னு கேளுங்க.”

“அது எதுக்கும்மா ஒனக்கு?” என்றார் மாமனார்.

“நான்ல ஆத்தைத் தாண்டிப் போகணும். எதுல நடக்கிறதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? இடத்தைக் காட்டச் சொல்லுங்க.”

அளந்து காட்டச் சொன்னால் மறுக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. வரப்புத் தகராறில் வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் உடனே கிளம்பிவிட்டார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். மாமனார் வடகரையில் பெரிய மருத மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, “எங்க வாராவதி இங்கேர்ந்து” என்றார். சம்பந்தி, குடையை உயர்த்திப் பிடித்தபடி ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போய், மேட்டில் நட்டிருந்த சர்வேக் கல்லின் பக்கத்தில் நின்று, “எங்கள் பாலம் இங்கிருந்து!” என்று கத்தினார்.

அவரவர் கட்டப்போவதன் மேலேயே நேராக நடந்து வாருங்கள் என்று நான் சொன்னேன். அளவுக்கு வேறு வழி இல்லை.

மாமனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். சம்பந்தி குடையைப் பிடித்தபடி இறங்கினார். இருவரும் கொஞ்சமும் கோணாமல், மிகுந்த கண்ணியத்தோடு, தண்ணீருக்குள் நடந்தார்கள். மருத மரமும் சர்வேக் கல்லும் நேருக்கு நேர் இருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ஆறு குறுகலாக இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். வேறு எங்கே கட்டினாலும் கட்டுகிறவனுக்குக் கிறுக்கு என்று சொல்வார்கள். ஆகவே நடு ஆற்றில், முழங்காலளவு தண்ணீரில், இரண்டு பேரும் மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி வந்து நின்றார்கள்.

“வழி விடுங்க. இது எங்க வாராவதி” என்றார் மாமனார்.

“தாங்கள் நிற்பது எங்கள் பாலத்தின்மேல்.”

“பாலத்துமேல நிக்கிற ஆளுக்கு வேட்டி ஏன் நனையுது?”

“பக்கத்துல உள்ள வாராவதி ஒழுகுது, அதான்.”

யாரும் ஒரு அடி பின்வாங்கவில்லை. பின்வாங்கினால் அந்தக் கட்சி அந்த அளவுக்குப் பாலத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். கரையில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையன் எங்களோடு வடகரையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு தகப்பனாரையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மேய்ச்சலுக்குப் போன எருமைகள் திரும்பின. அவையும் ஆற்றைக் கடப்பது அந்த இடத்தில்தான். எந்தக் கட்சியின் நோட்டீசையும் படிக்காத எருமைகள். முன்னால் வந்த பெரிய எருமை வாராவதிக்கும் பாலத்துக்கும் நடுவே கொம்பை நுழைத்தது.

“ஆத்தாடி!” என்றார் மாமனார்.

“ஆத்தாடி!” என்றார் சம்பந்தி.

அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு கட்சியும் மாற்றாமல் விட்டுவைத்திருந்தன. மாமனார் சம்பந்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். சம்பந்தி மாமனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். குடை தண்ணீரில் போயிற்று. செருப்பு அதன் பின்னாலேயே போயிற்று. எருமைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் கடந்தன. கடந்து முடிகிறவரை இருவரும் பிடியை விடவில்லை.

கொழுந்தியாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கீழே மிதந்துபோன குடையையும் ஒற்றைச் செருப்பையும் பிடித்துக்கொண்டு அவர்களிடம் போனாள். போகும்போது குடையை விரித்துத் தலைக்குப் பிடித்துக்கொண்டாள், மழை இல்லாமலேயே.

“இப்ப ரெண்டு பேரும் வாராவதியில நிக்கிறீங்களா, பாலத்துல நிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

“சேத்துல நிக்கிறேன் தாயி” என்றார் மாமனார். “இவுகளைக் கழுத்தை விடச் சொல்லு, மூச்சு முட்டுது.”

“மொதல்ல இவரை இடுப்ப விடச் சொல்லும்மா” என்றார் சம்பந்தி. “எனக்கும் காலு பொதஞ்சுதான் கிடக்கு.”

அவள் அவர்களைப் பிரித்துவிடவில்லை. அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, கரையில் நின்ற என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: “மச்சான்! ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு இருந்தா பத்திரத்துல எப்படி எழுதுவீங்க?”

பல வருஷமாக நான் தினமும் எழுதுகிற சொல். அந்தக் கூடத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. பட்டாவில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர் என்று இருந்தால், இரண்டையும் எழுதி நடுவில் ஒரு சொல்லைப் போடுவோம். அதைப் போட்டுவிட்டால் பின்னால் எந்தக் கோர்ட்டிலும் அவர் வேறு, இவர் வேறு என்று ஒருவரும் வாதாட முடியாது.

“என்கிற!” என்று நான் கத்தினேன். “வாராவதி என்கிற பாலம்!”

இடுப்பை விடாமலே மாமனார் கேட்டார்: “மொதல்ல எழுதுறதுதானே மாப்ள அசல் பேரு?”

“ஆமா மாமா. முதல்ல வர்றதுதான் பட்டாப் பேரு.”

சம்பந்தி கேட்டார்: “கடைசியாக நிற்பதுதானே தம்பி முடிவான பெயர்?”

“ஆமாங்க. கடைசியில உள்ளதுதான் நிலைக்கிற பேரு.”

இரண்டும் உண்மை. வேண்டுமானால் எந்தப் பத்திர எழுத்தரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

சேற்றிலிருந்து அவர்களைத் தூக்கிவிட மாப்பிள்ளைப் பையன் இறங்கினார். இறங்கியவர் முதலில் கொழுந்தியாள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், குடைக்குக் கீழே. அப்போதுதான் அவர் வாய் திறந்து பேசி நான் முதல் தடவையாகக் கேட்டேன். “மழை வரும்போல இருக்கு” என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

கல்யாணப் பத்திரிகையை நானே எழுதிக் கொடுத்தேன். சமநீதிக்காக இந்தத் தடவை வரிசையை மாற்றி, ‘திருமணம் என்கிற விவாகம்’ என்று போட்டேன். கீரமங்கலத்து அச்சகக்காரர், இதில் ஏதோ பிழை இருக்கிறதே என்று ஆள் அனுப்பிக் கேட்டார். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். பத்திரிகையைப் பார்த்தவர்கள் பலர், பெண் பெயர் திருமணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். தையில் மாப்பிள்ளை வீட்டார் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார்கள். முன்னால் வந்த சம்பந்தி நடு ஆற்றில் நின்று, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, “பாலத்துல பாத்து வாங்க, வழுக்கும்!” என்றார். கரையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மாமனார், “வாராவதி எங்கயாச்சும் வழுக்குமா? நல்லா மிதிச்சு வாங்க!” என்றார். ஆசீர்வாதம் என்கிற வாழ்த்துரையை இரண்டு கட்சிக்காரர்களும் செய்தார்கள். சாப்பாடு மூன்று பந்தி தள்ளிப்போனது.

அந்தத் தேர்தலில் ஒரு கட்சி ஜெயித்தது. எது என்று எழுதினால் வாராவதியா பாலமா என்ற கேள்வி மறுபடி கிளம்பும், எழுதவில்லை. ஆற்றின்மேல் எதுவும் வரவில்லை. சில வருஷம் கழித்து ஓவர்சியர் ஒருவர் வந்து மருத மரத்தடியில் நின்று அளந்துவிட்டு, சின்னதாக, அடியில் தண்ணீர் போகிற மாதிரி ‘கல்வர்ட்’ ஒன்று போடலாம் என்றார். ஊரில் அதைக் கல்வெட்டு என்று காதில் வாங்கிக்கொண்டு, யார் பெயரை வெட்டப் போகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓவர்சியர் அப்புறம் வரவில்லை.

அதற்குள் என் கொழுந்தியாளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். மாமனார் முதலிலேயே கேட்ட கேள்வி அப்போது வந்தது. மாமனார் தொட்டிலின் தலைமாட்டில் நின்று ஒரு பெயரைச் சொன்னார், வாய் நிறைய வடமொழி. சம்பந்தி கால்மாட்டில் நின்று ஒரு பெயரைச் சொன்னார், அகராதியில் தேடி எடுத்த தூய தமிழ். குழந்தையின் தகப்பனார் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைத் திறந்தேன்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். ஆஜர் எடுக்கும்போது வாத்தியார் அவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பையன் உள்ளேன் ஐயா சொல்லிவிடுகிறானாம். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும்.